மொட்டை மாடியில் மழைமானி, மீன் பெட்டியில் துறைமுகம்

6 முதல் 8ஆம் வகுப்பு வரை வானிலை, காலநிலை, கடல் என்று வருகிற ப்ராஜெக்ட்களில் ஆறேழை எடுத்து, தண்டையார்பேட்டையில் ஒரு மொட்டை மாடியில் ஜூனிலிருந்து டிசம்பர் வரை செய்து பார்த்த குறிப்புகள் இவை. அட்டையில் ஒட்டிக் கொண்டுபோய்க் கொடுக்க எல்லாமே சரியாகத்தான் இருக்கும். செய்த கருவி எதை அளக்கிறது என்று நோண்டிப் பார்த்தால்தான் சிக்கல் தெரியும்.

மழைமானி

2 லிட்டர் குளிர்பான பாட்டிலைத் தோள் முடிந்து உடம்பு நேராகும் இடத்தில் அறுத்து, மேல்பாதியை மூடி இல்லாமல் தலைகீழாகச் செருகினால் புனல் தயார். பக்கத்தில் ஸ்கேல் ஒட்டி மி.மீ. படிப்பதுதான் வழக்கமான முறை. அது சரிவராது. இந்தப் பாட்டிலின் அடி ஐந்து கால் வைத்துக் குழிந்திருக்கும். கீழே இரண்டு மூன்று செ.மீ. வரை நீர்மட்டத்துக்கும் மழையளவுக்கும் ஒட்டே இல்லை. கூழாங்கல் போட்டுக் கோடுவரை தண்ணீர் ஊற்றி, அதைப் பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளலாம் என்பார்கள். அக்டோபர் வெயிலில் இரண்டே நாளில் அந்தப் பூஜ்யம் இறங்கிவிடுகிறது. அடுத்து லேசாகத் தூறினால் கணக்கு மைனஸில் வரும்.

ஸ்கேலைத் தூக்கிப் போட்டுவிட்டு மருந்துக்கடை 10 மி.லி. சிரிஞ்ச் வாங்குங்கள். மழை விழும் வாயின் உள்விட்டம் 11 செ.மீ. என்றால் பரப்பு 3.14 × 5.5 × 5.5, அதாவது 95 சதுர செ.மீ. அந்தப் பரப்பில் 1 மி.மீ. மழை என்பது 9.5 மி.லி. தண்ணீர். சேர்ந்ததைச் சிரிஞ்சில் உறிஞ்சி உறிஞ்சி அளந்து, மொத்த மி.லி.யை 9.5ஆல் வகுத்தால் மழையளவு மி.மீ.யில் வந்துவிடும். அடி எப்படிக் குழிந்திருந்தாலும் கவலையில்லை. வாயை மட்டும் கவனமாக அளக்க வேண்டும். விட்டத்தில் அரை செ.மீ. தப்பினால் விடையில் 9 சதவீதம் தப்பும். அறுத்த விளிம்பு முட்டைபோல நசுங்கியிருந்தால் குறுக்கும் நெடுக்கும் இரண்டு முறை அளந்து சராசரி எடுங்கள்.

வைக்கும் இடம்தான் பெரிய வில்லங்கம். வடகிழக்குப் பருவமழை சாய்ந்து அடிக்கும். ஒரே மாதிரி இரண்டு மானிகள் செய்து, ஒன்றை வடகிழக்கு மூலையில் கைப்பிடிச் சுவரை ஒட்டியும் இன்னொன்றை மாடி நடுவிலும் வைத்தோம். சுவரோரத்தில் இருந்தது நடுவில் இருந்ததில் மூன்றில் இரண்டு பங்குகூடப் பிடிக்கவில்லை. சுவர் 1 மீட்டர் உயரம் என்றால் குறைந்தது 2 மீட்டர் தள்ளி வையுங்கள். தண்ணீர்த் தொட்டிக்கும் இதே கணக்கு. மானியின் வாய் தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். தாழ்வாக இருந்தால் தளத்தில் பட்டுத் தெறிக்கிற நீரும் உள்ளே விழுந்து அளவைக் கூட்டிக் காட்டும். காலி பாட்டில் காற்றில் பறந்துவிடும். மணல் நிரப்பிய பூந்தொட்டியில் பாதி புதைத்தால் அசையாது.

அளக்கும் நேரம் காலை 8:30. வானிலை மையம் நுங்கம்பாக்கத்துக்குச் சொல்லும் 24 மணி நேர மழை அந்த நேரத்தில்தான் முடிகிறது. பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் 7 மணிக்கு அளந்தால், விடியற்காலை மழை ஒரு நாள் இங்கே, ஒரு நாள் அங்கே என்று பிரிந்துவிடும். பேப்பரில் வரும் எண்ணோடு எந்த நாளும் பொருந்தாது. நேரம் சரியாக இருந்தும் நுங்கம்பாக்கத்தில் 40, தண்டையார்பேட்டையில் 15 என்று வந்தால் அது தப்பு இல்லை. மேகம் அங்கே கொட்டியது, இங்கே தூறியது, அவ்வளவுதான். 2.5 மி.மீ. தொட்டால்தான் அது 'மழை நாள்'. 64.5லிருந்து கனமழை, 115.6லிருந்து மிகக் கனமழை, 204.4ஐத் தாண்டினால் அதிகனமழை.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. அறுத்த பாட்டில், புனல் உள்ளே இறங்கிய பிறகு, சுமார் 1.3 லிட்டர்தான் கொள்ளும். 95 சதுர செ.மீ. வாய்க்கு அது 137 மி.மீ. மழை. 2015 டிசம்பர் முதல் தேதியும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பர் தொடக்கமும் இந்தப் பாட்டில் தாங்குகிற நாட்கள் அல்ல. புயல் எச்சரிக்கை இருந்தால் மாலையிலும் இரவு படுக்கும் முன்பும் அளந்து கொட்டிவிட்டு, காலையில் எல்லாவற்றையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

வானிலைக்கும் காலநிலைக்கும் என்ன வித்தியாசம் என்ற கேள்விக்கு இந்த நோட்டையே பயன்படுத்தலாம். நோட்டில் இருப்பது வானிலை. காலநிலைக்கு 30 வருடச் சராசரி வேண்டும்; உலக வானிலை அமைப்பு இப்போது எடுத்துக்கொள்வது 1991 முதல் 2020 வரை. மாதவாரியான மழை வரைபடம் போடும்போது சென்னையின் உச்சம் நவம்பரில் நிற்க வேண்டும். ஜூலையில் உச்சம் காட்டும் படம் மும்பைக்கு உரியது. அதைப் பார்த்து அப்படியே வரைந்து கொடுக்கிற பிள்ளைகள் நிறைய.

பலூன் காற்றழுத்தமானி

கடைசிவரை ஏமாற்றியது இதுதான். அரை லிட்டர் ஊறுகாய் பாட்டிலின் வாயில் வெட்டிய பலூனை இழுத்துக் கட்டி, நடுவில் ஸ்ட்ராவின் ஒரு முனையை டபுள் டேப்பில் ஒட்டி, மறுமுனைக்குப் பின்னால் அளவுகோல் அட்டை. ஃபெவிகால் ரப்பரில் பிடிக்காது. வெளியே அழுத்தம் குறைந்தால் பலூன் உப்பும், ஸ்ட்ராவின் வெளிமுனை தாழும். விளக்கத்தில் குறையே இல்லை.

ஒரு வாரம் பார்த்ததில் முள் தினமும் காலையில் உயர்ந்து பிற்பகலில் தாழ்ந்தது. நிஜமான காற்றழுத்தமும் இங்கே அப்படித்தான்: காலை 10 மணி வாக்கில் உச்சம், மாலை 4 மணி வாக்கில் தாழ்வு. ஆகா என்று எழுதிக் கொடுத்துவிடத் தோன்றும். ஆனால் பாட்டிலை இரண்டு உள்ளங்கையாலும் ஒரு நிமிடம் பொத்திப் பாருங்கள், ஒரு நாள் முழுக்க ஓடிய தூரத்தை முள் அந்த ஒரு நிமிடத்திலேயே ஓடிவிடும். கணக்கு இதுதான்: 30 டிகிரியில் அடைபட்ட காற்று 1 டிகிரி சூடேறினால், வெளி அழுத்தம் சுமார் 3.3 மில்லிபார் குறைந்ததற்குச் சமம். அறையில் பகலுக்கும் இரவுக்கும் 5 டிகிரி வித்தியாசம் இருந்தால் 16 மில்லிபாருக்கு மேல் போலி மாற்றம். நிஜ அழுத்தம் ஒரு சாதாரண நாளில் ஏறி இறங்குவது 3, 4 மில்லிபார்தான். முள் காட்டுவதில் ஐந்தில் நான்கு பங்கு வெப்பம், மீதிதான் அழுத்தம்.

தெர்மாகோல் பெட்டிக்குள் தண்ணீர் பாட்டில்களுக்கு நடுவே வைத்தபோது ஆட்டம் குறைந்தது. ஆனால் பலூன் ரப்பர் வழியே காற்று மெல்ல மெல்லக் கசிந்து, நாலைந்து நாளில் பூஜ்யமே நகர்ந்துவிடுகிறது. புயல் நெருங்கி அழுத்தம் பத்து இருபது மில்லிபார் இறங்கினால் மட்டும் இது உருப்படியாக எதையாவது சொல்லும். இதைச் செய்யுங்கள், தலைப்பை மட்டும் 'சூட்டில் காற்று விரிவடைதல்' என்று மாற்றிவிடுங்கள். அழுத்தமே வேண்டும் என்றால் பாரோமீட்டர் சென்சார் உள்ள போன் போதும். விலை குறைந்த போன்களில் பெரும்பாலும் இருக்காது. போனை எப்போதும் ஒரே மாடியில் வைத்துப் படியுங்கள். 8, 9 மீட்டர் மேலே ஏறினாலே 1 மில்லிபார் குறைந்துவிடும்.

ஈரக்குமிழ்

காற்றின் ஈரப்பதத்தை அளக்க, குறைந்த செலவில் நிறைய சொல்லும் கருவி. ஒரே மாதிரி இரண்டு தெர்மாமீட்டர் பாரிமுனைப் பக்கம் ஆய்வகப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும். கடையிலேயே பத்து எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே அளவு காட்டும் இரண்டைப் பொறுக்குங்கள். மலிவான சிவப்பு ஆல்கஹால் வகையில் ஒன்றுக்கொன்று 1 டிகிரி வித்தியாசம் சாதாரணம். இங்கே அந்த 1 டிகிரியே ஈரப்பதத்தை ஆறேழு சதவீதம் புரட்டிவிடும்.

ஒன்றின் குமிழில் வெள்ளைப் பருத்தி ஷூ லேஸைச் சுற்றி, மறுமுனையைத் தண்ணீர்க் கிண்ணத்தில் விட வேண்டும். இது ஈரக்குமிழ், சும்மா விட்ட மற்றது உலர்குமிழ். புது லேஸில் கஞ்சி இருக்கும், தண்ணீர் ஏறாது. சோடா உப்பு போட்டு ஐந்து நிமிடம் கொதிக்க வைத்து அலசுங்கள். போர் தண்ணீர் ஊற்றினால் பத்தே நாளில் லேஸில் உப்புப் பூத்து விறைத்துவிடுகிறது. ஏசி குழாயில் சொட்டுகிற தண்ணீர் இதற்கு அருமை, கிட்டத்தட்ட காய்ச்சி வடித்த நீர்தான். படிக்கும் முன் இரண்டு நிமிடம் விசிற வேண்டும். விசிறாவிட்டால் ஈரக்குமிழ் போதிய அளவு இறங்காது, ஈரப்பதம் கூடுதலாகக் காட்டும்.

கடற்காற்று வந்த பிற்பகலில் உலர்குமிழ் 33, ஈரக்குமிழ் 28 என்றால் ஈரப்பதம் 68 சதவீதம் அளவில். கச்சான் என்கிற மேற்குக் காற்று அடிக்கிற மே மாதத்தில் 39க்கு 26 என்று வந்தால் 35 சதவீதம்தான். இந்த இரண்டு வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்தால், 33 டிகிரியில் ஏன் சட்டை நனைகிறது, 39 டிகிரியில் ஏன் கொடியில் போட்ட துணி ஒரு மணி நேரத்தில் காய்கிறது என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

மணலும் தண்ணீரும்

கடற்காற்று ஏன் வருகிறது என்பதற்கான சோதனை. இரண்டு ஒரே மாதிரித் தட்டு, ஒன்றில் அரை கிலோ மணல், மற்றதில் அரை லிட்டர் தண்ணீர், வெயிலில் 30 நிமிடம். முதல் தடவை இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே சூடேறின. காரணம், மணல் காசிமேட்டுக் கரையிலிருந்து அன்று காலைதான் வந்தது, உள்ளே ஈரம். ஈர மணல் பாதி தண்ணீர்போலவே நடந்துகொள்கிறது. இரண்டு நாள் காயவைத்த பிறகு வித்தியாசம் பளிச்சென்று வந்தது. 1 கிராம் தண்ணீரை 1 டிகிரி ஏற்ற 4.2 ஜூல் வேண்டும், மணலுக்கு 0.8 போதும். தெர்மாமீட்டரை இரண்டிலும் 1 செ.மீ. ஆழத்தில் வைக்க வேண்டும். மணலில் மேலாகவும் தண்ணீரில் அடிவரையும் வைத்து ஒப்பிட்டால் அந்தச் சோதனைக்கு அர்த்தமில்லை.

கடல்நீர்

உப்பளவுக்குத் திருவொற்றியூர்க் கரையில், வாளியில் கயிறு கட்டி எடுத்த நீர். மீன்பிடித் துறைமுகத்துக்குள் எடுக்காதீர்கள், டீசல் மிதக்கும். ஓர் இரவு தெளியவிட்டு, வடிகட்டி, 250 மி.லி. மட்டும் வற்றவைக்க வேண்டும். உலகக் கடல்களின் சராசரி ஒரு கிலோவுக்கு 35 கிராம். ஆறுகள் கொட்டுகிற வங்கக் கடலில் அதைவிடக் கொஞ்சம் குறைவு. அதனால் 8 கிராம் ஒட்டி எதிர்பார்க்கலாம். 10, 11 என்று வந்தால் உப்பு காயவில்லை என்று பொருள். கடலுப்பில் மெக்னீசியம் குளோரைடு இருக்கிறது, அது காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். சூடு ஆறியவுடன், தாமதிக்காமல் எடை போடுங்கள். எவர்சில்வர் பாத்திரம் புள்ளி புள்ளியாக அரிக்கும், கண்ணாடிதான் சரி. கடைசி ஒரு கரண்டி நீரைத் தீயில் வற்றவிட்டால் உப்பு வெடித்துத் தெறித்து எடை குறையும். அதை வெயிலுக்கு விட்டுவிடலாம்.

கடல்மட்டம் உயர்வதற்கு எல்லாரும் பனிக்கட்டியை மட்டுமே காட்டுகிறார்கள். சூட்டில் நீர் விரிவதும் காட்டத்தக்கது. 250 மி.லி. குடுவை நிறைய, கொதித்து ஆறிய தண்ணீர், 5 மி.மீ. குழாய் செருகிய ரப்பர் அடைப்பான், இடுக்கில் எம்-சீல். 30லிருந்து 40 டிகிரிக்குப் போனால் குழாயில் ஏறத்தாழ 4.4 செ.மீ. ஏறும். கொதிக்கவைக்காத தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று குமிழியாகி, இல்லாத உயர்வையும் காட்டும்.

மீன் பெட்டியில் துறைமுகம்

வட சென்னைக்காரர்கள் வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதைச் செய்து பார்க்கலாம். தேவை ஒரு பெரிய தெர்மாகோல் மீன் பெட்டி, சல்லடையில் சலித்த ஆற்று மணல் 8 கிலோ, இரண்டு செங்கல் துண்டு, அரையடி அகல மரப்பலகை. எம்-சாண்ட் வேண்டாம், அதன் தூள் தண்ணீரைப் பாலாக்கிவிடும், ஒன்றும் தெரியாது. பெட்டியின் ஒரு நீள ஓரம் முழுக்க மணலைச் சரிவாகக் கொட்டினால் அது கரை. எதிரே 6 செ.மீ. தண்ணீர் கடல். கடலைப் பார்த்து நின்றால் இடக்கை வடக்கு, வலக்கை தெற்கு.

பலகையைக் கரைக்கு நேராக ஆட்டினால் மணல் மேலும் கீழும் போய்வருமே தவிர நகராது. முதல் இரண்டு முயற்சியும் இதனால்தான் வீண். பலகையைத் தெற்கு மூலையிலிருந்து 20, 30 டிகிரி சாய்த்து அலை எழுப்ப வேண்டும். தென்மேற்குப் பருவத்தில் இங்கே அலை வருவது அப்படித்தான். மணல் வடக்கே போகும். வடக்குச் சுவரில் தேங்காய் நாரைப் பிடிபிடியாகச் செருகாவிட்டால், அலை மோதித் திரும்பி வந்து எல்லாவற்றையும் கலைத்துவிடும்.

இப்போது கரையின் நடுவே செங்கல்லைக் கடலுக்குள் நீட்டி வைத்து, நிதானமாக 500 தடவை ஆட்டுங்கள். 100க்குள் தெற்குப் பக்கம் மணல் மேடிடத் தொடங்கும். 300 வாக்கில் வடக்குப் பக்கக் கரை செங்குத்தாக வெட்டுப்படும். 1875க்குப் பிறகு சென்னைத் துறைமுகச் சுவர்கள் கடலுக்குள் போனதும் நடந்தது இதுதான்: தெற்கே மெரினா அகலமானது, வடக்கே ராயபுரம் தொடங்கிக் கரை போனது. எண்ணூர் நெடுஞ்சாலை ஓரம் கருங்கல் கொட்டியிருப்பதன் கதை இந்தப் பெட்டிக்குள் இருக்கிறது.

வெட்டுப்பட்ட இடத்தில் ஐஸ் குச்சிகளைக் கடலுக்குள் நீட்டி நட்டால் தூண்டில் வளைவு, அதாவது கரை அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிப் போடுகிற கற்சுவர். ஒவ்வொரு குச்சிக்கும் தெற்கே கொஞ்சம் மணல் தங்குகிறது. கடைசிக் குச்சிக்கு வடக்கே அரிப்பு புதிதாக ஆரம்பிக்கிறது. பிறகு பலகையை வடக்கு மூலைக்கு மாற்றி, வாடைக் காலத்துக்காக 150 தடவை ஆட்டினோம். கொஞ்சம் மணல் தெற்கே திரும்பியது. செங்கல்லின் வடக்கு முகத்தில் வந்து ஒதுங்கி அங்கேயே நின்றது. வெட்டுப்பட்ட பள்ளம் நிரம்பவில்லை.