முந்தைய எண்ணோடு சேர்த்துப் படியுங்கள்: உதவித் தாதியர் பரீட்சைக்குத் தயாராகிறவர்களுக்கு

"அக்கா, எதைப் பாடமாக்கிறது?" திருகோணமலையில் உதவித் தாதியர் பயிற்சிக்கு வருகிற தங்கச்சிமாரும் தம்பிமாரும் பரீட்சை நெருங்கும்போது என்னிடம் கேட்பது இதைத்தான். பாடமாக்க வேண்டியது உண்மையில் கொஞ்சம்தான். வளர்ந்தவருக்கு நாடி நிமிடத்துக்கு 60 முதல் 100, சுவாசம் 12 முதல் 20, உடல் வெப்பம் 36.5 முதல் 37.2 பாகை செல்சியஸ், ஒட்சிசன் அளவு 95 வீதமும் அதற்கு மேலும், பிரசர் 120/80ஐ ஒட்டி. ஒரு பின்னேரம் உட்கார்ந்தால் மனதில் நின்றுவிடும். அதோடு படிப்பு முடிந்தது என்று இருக்கிறவர்கள்தான் வினாத்தாளைப் பார்த்ததும் திகைத்துப் போகிறார்கள்.

ஏனென்றால் கேள்வி இப்படி வரும்: சத்திரசிகிச்சை முடிந்து வந்தவருக்குக் காலையில் நாடி 74, மத்தியானம் 98, ஆள் கொஞ்சம் அந்தரப்படுகிறார், முதலில் என்ன செய்வீர்கள்? 98 நூறுக்குள்தானே, சாதாரணம் என்று விடை போட்டால் புள்ளி போகும். வாட்டில் அப்படி எழுதிவிட்டு நகர்ந்தால் அதைவிடப் பெரியது போகும். உள்ளே இரத்தம் கசியும்போது பிரசர் இறங்குவதற்கு முன்பே நாடி ஏறத் தொடங்கிவிடும். உடம்பு தாக்குப்பிடித்துக்கொண்டிருக்கிற அந்த நேரத்தில் யாராவது கவனித்தால்தான் வைத்தியருக்கு எதையும் செய்ய அவகாசம் இருக்கும். ஆகவே எந்த எண்ணையும் தனியாகப் படிக்காதீர்கள். அதே நோயாளரின் முந்தைய எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். நான் சொல்லித் தர விரும்புவது முக்கியமாக இதைத்தான். கீழே வருவதெல்லாம் இதற்கான உதாரணங்கள்.

எங்கள் மாவட்டத்தில் இதை டெங்குவை வைத்துப் படிப்பதுதான் நல்லது. 2017இன் தொடக்கத்தில் கிண்ணியாவில் டெங்கு பரவி உயிர்கள் போனதை இங்கே யாரும் மறக்கவில்லை. அந்த வருடம் நாடு முழுவதும் 180,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு என்று பதிவானது. இந்த நோயில் ஆபத்தான கட்டம் காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது வருவதில்லை. பெரும்பாலும் மூன்றாம் நாளுக்குப் பிறகு, காய்ச்சல் இறங்குகிற நேரத்தில்தான் இரத்தக் குழாய்களிலிருந்து திரவம் நெஞ்சுக்கூட்டுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் கசியத் தொடங்குகிறது. இந்தக் கசிவு 24 முதல் 48 மணித்தியாலம் வரை நிற்கும். வீட்டார் "காய்ச்சல் விட்டுட்டுது மிஸ், துண்டு வெட்டுவீங்களா?" என்று, வீட்டுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்பதும் சரியாக அந்த நேரத்தில்தான்.

இப்போது எண்களைப் பாருங்கள். காலையில் பிரசர் 110/70. இரண்டுக்கும் இடைவெளி 40. சில மணி கழித்து 100/80. மேல் எண் 10தான் இறங்கியிருக்கிறது, கீழ் எண் 80, பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லாதது போலத் தெரியும். ஆனால் இடைவெளி 20க்கு வந்துவிட்டது. டெங்கு நோயாளரிடம் இந்த இடைவெளி 20 அல்லது அதற்குக் கீழ் வந்தால் அது அதிர்ச்சி நிலை (ஷொக், உடம்புக்குப் போதிய இரத்தம் ஓடாத நிலை). அந்தக் கணமே சொல்ல வேண்டிய விசயம். கூடவே கையைத் தொட்டுப் பாருங்கள். விரல் நுனி குளிர்ந்திருக்கிறதா? நகத்தை 5 செக்கன் அழுத்திப் பிடித்து விடுங்கள். வெளிறிய இடத்துக்கு இரத்தம் 2 செக்கனுக்குள் திரும்பி வர வேண்டும். அதற்கு மேல் போனால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சலம் (சிறுநீர்) எவ்வளவு போகிறது என்பதை அளந்து எழுத வேண்டும்: ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 0.5 மில்லிலீற்றர் என்றால், 50 கிலோ உள்ளவருக்கு மணிக்கு 25 மில்லிலீற்றராவது வேண்டும். "பாத்ரூம் போனார்" என்று எழுதுவது அளவு ஆகாது.

டெங்குவில் காய்ச்சலுக்குப் பெரசிற்றமோல் மட்டும்தான். அஸ்பிரின், இபுபுரொபன் போன்றவை இரத்தக்கசிவைக் கூட்டும். சிவப்பு, கபில நிறப் பானங்களைக் கொடுக்க வேண்டாம் என்று சொல்வதற்கும் காரணம் உண்டு: வாந்தி எடுத்தால் வந்தது இரத்தமா, குடித்த பானமா என்று பிரித்தறிய முடியாது. வைவாவில் (வாய்மொழிப் பரீட்சையில்) இந்தக் "ஏன்?" கட்டாயம் வரும். காரணத்தோடு படித்தவருக்கு விடை தானாக வரும்.

எண்ணை ஒப்பிட வேண்டும் என்றால் முதலில் எண் சரியாக இருக்க வேண்டும். செய்முறையில் புள்ளி அதிகம் போகிற இடம் சுவாசத்தை எண்ணுவது. "உங்கட மூச்சை எண்ணப் போறன்" என்று சொன்னவுடன் எந்த மனுசரும் மூச்சை மாற்றிவிடுவார். மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து நாடியை எண்ணி முடியுங்கள் (பெருவிரலை வைக்காதீர்கள், அதில் உங்கள் சொந்தத் துடிப்பும் தெரியும்). விரலை எடுக்காமல், நாடி பார்ப்பது போலவே இருந்துகொண்டு நெஞ்சு ஏறி இறங்குவதை முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். உடம்பு மோசமாகிறபோது பல நேரம் முதலில் மாறுவது சுவாசம்தான். வாட்டில் ஆட்கள் அவசரத்தில் குத்துமதிப்பாக எழுதிவிடுவதும் அதைத்தான். எல்லாருக்கும் 18, எல்லாருக்கும் 20 என்று எழுதப்பட்ட தாளைப் பார்த்தால் எனக்கு மனம் கொதிக்கும். அந்தத் தாளை நம்பித்தான் இரவு டியூட்டிக்கு வருகிறவர் முடிவெடுக்கிறார்.

பிரசருக்கு: நோயாளர் 5 நிமிடம் அமைதியாக இருந்திருக்க வேண்டும், கை இதய மட்டத்தில் தாங்கப்பட்டிருக்க வேண்டும், பட்டி கைக்குப் பொருந்த வேண்டும். பருத்த கையில் சின்னப் பட்டியைக் கட்டினால் இல்லாத பிரசர் இருப்பதாகக் காட்டும்.

பதவி ஸ்ரீபுர பக்கமிருந்து வருகிற சிறுநீரக நோயாளர்களை நீங்கள் கட்டாயம் சந்திப்பீர்கள். டயலிசிசுக்காகக் கையில் பிஸ்டுலா (இரண்டு இரத்தக் குழாய்களைச் சேர்த்துச் செய்த இணைப்பு) செய்திருந்தால் அந்தக் கையில் பிரசர் பார்க்கக் கூடாது, இரத்தம் எடுக்கக் கூடாது, கனுலா (சேலைன் ஏற்றுகிற ஊசிக்குழாய்) போடக் கூடாது. பட்டியை எடுக்கும் முன் இரண்டு கையையும் பாருங்கள், கேளுங்கள். அடுத்தது எடை. தினமும் காலையில், ஒரே தராசில், ஒரே மாதிரி உடுப்போடு. ஒரு நாளில் ஒரு கிலோ கூடியிருந்தால் அது சதை வைத்ததாக இருக்காது, கிட்டத்தட்ட ஒரு லீற்றர் நீர் உடம்பில் தங்கிவிட்டது. இன்னொன்று, பார்க்க வருகிற சொந்தக்காரர் அன்பாகக் கொண்டுவருகிற இளநீர். வயிற்றோட்டக்காரருக்கு ஜீவனியை (தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்பு, சீனிக் கலவை) போல அதுவும் உதவும். சிறுநீரகம் பழுதானவருக்கு அதில் இருக்கிற பொட்டாசியம் இதயத் துடிப்பையே குழப்பிவிடும். கடிந்து பேசாமல், கொண்டுவந்தவரைத் தனியாகக் கூப்பிட்டுக் காரணத்தைச் சொல்லுங்கள். சொன்னால் கேட்பார்கள்.

படுக்கைப் புண்ணைப் பற்றிப் புத்தகத்தில் "தோல் சிவக்கும்" என்று இருக்கும். எங்கள் ஆட்களின் கறுத்த தோலில் அந்தச் சிவப்பு தெரியாமலே போகும். ஆகவே கையால் பாருங்கள். குண்டி எலும்பு, குதிக்கால், தோள்பட்டை, காதுமடலின் பின்பக்கம்: பக்கத்துத் தோலைவிடச் சூடாக இருக்கிறதா, இறுகியிருக்கிறதா, நிறம் கொஞ்சம் கருநீலமாகத் தெரிகிறதா? அழுத்திப் பார்த்தும் நிறம் வெளிறவில்லை என்றால் முதல் கட்டம் தொடங்கிவிட்டது. அந்த இடத்தைத் தேய்த்து விடாதீர்கள்; அடியில் இருக்கிற திசு இன்னும் கெடும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்புவது என்பது பொதுக் கணக்கு, ஆளைப் பொறுத்து அதைவிடக் குறுகலாம். திருப்பும்போது இழுக்காமல், விரிப்போடு இரண்டு பேராகத் தூக்கி நகர்த்துங்கள். சித்திரை வைகாசி வெக்கையில் றெக்சின் மெத்தையில் கிடப்பவரின் முதுகு வியர்வையில் ஊறிப்போயிருக்கும். நனைந்த தோல் சீக்கிரம் கிழியும் என்பதால் விரிப்பைத் தொட்டுப் பார்ப்பதும் வேலையில் ஒரு பகுதிதான். பரீட்சையில் "திருப்புவேன்" என்று மட்டும் சொல்கிறவருக்கும், "திருப்பும்போது இந்த இடங்களைப் பார்ப்பேன், பார்த்ததை எழுதுவேன்" என்கிறவருக்கும் கிடைக்கிற புள்ளி ஒன்றாக இருக்காது.

சீனி வருத்தக்காரருக்கு இரத்தச் சீனி 70 mg/dLக்குக் கீழ் போனால், ஆள் சுயநினைவோடு விழுங்கக்கூடியவராக இருந்தால், 15 கிராம் அளவு சீனி (ஏறத்தாழ மூன்று தேக்கரண்டி, தண்ணீரில் கரைத்து), 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பரிசோதனை. நினைவில்லாதவருக்கு வாயால் எதுவும் கொடுக்கக் கூடாது. உடனே சிஸ்டரைக் கூப்பிடுங்கள். நோன்பு காலத்தில் இன்சுலின் போடுகிறவர் நோன்பு பிடித்திருக்கிறாரா என்று மரியாதையாகக் கேட்டு, சிஸ்டரிடம் சொல்லிவிடுங்கள்.

சேலைன் கணக்கு ஒன்று நிச்சயம் வரும். 500 மில்லிலீற்றர், 4 மணித்தியாலம், சேலைன் குழாய் செட்டில் ஒரு மில்லிலீற்றருக்கு 20 துளி. 500ஐ 20ஆல் பெருக்கி 240 நிமிடத்தால் வகுத்தால் 41.7, நிமிடத்துக்கு 42 துளி. கட்டிலடியில் 15 செக்கனுக்குப் பத்துப் பதினொரு துளி விழுகிறதா என்று பார்த்தால் போதும். வேகத்தைத் தீர்மானிப்பது வைத்தியர். குறைந்தாலோ கூடினாலோ கண்டு சொல்வது நீங்கள்.

கை கழுவுவதை எல்லாரும் எளிதாக எடுத்துக்கொள்கிறார்கள். சவர்க்காரத்தோடு 40 முதல் 60 செக்கன், மதுசார ஜெல் என்றால் 20 முதல் 30 செக்கன். நோயாளரைத் தொடும் முன், சுத்தமான செயல்முறைக்கு முன், உடல் திரவம் பட்ட பின், நோயாளரைத் தொட்ட பின், அவரைச் சுற்றியுள்ள பொருட்களைத் தொட்ட பின். கடைசியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். கட்டில் கம்பியைப் பிடித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாலும் கழுவத்தான் வேண்டும்.

இங்கே வாட்டில் மூன்று சமூகத்தவரும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடப்பார்கள். வலி எங்கே, எப்போதிருந்து, மூச்செடுக்கக் கஷ்டமா என்று கேட்கிற அளவுக்காவது சிங்களம் பழகிக்கொள்ளுங்கள். ஐயா, உம்மா, ஆச்சி என்று அவரவர் முறையில் கூப்பிட்டு, உங்கள் பெயரைச் சொல்லி, செய்யப்போவதைச் சொல்லி, திரையை இழுத்துவிட்டுத் தொடுங்கள். செய்முறைப் பரீட்சையில் பொம்மை கிடந்தாலும் இதே ஒழுங்குதான். பரீட்சகர் முதலில் பார்ப்பதே இதைத்தான்.

எழுதும்போது கண்டதை எழுதுங்கள். "சரியாகச் சாப்பிடவில்லை" என்பதற்குப் பதில் "அரைக் கோப்பை கஞ்சி குடித்தார், மிச்சம் வேண்டாம் என்றார்" என்று எழுதினால் அடுத்து வருகிறவருக்கு அது பயன்படும். வாயால் சொல்லும்போதும் ஒரு ஒழுங்கு வேண்டும். "சிஸ்டர், 12ஆம் கட்டில் ஐயா ஒரு மாதிரி இருக்கிறார்" என்றால் அவருக்கு ஒன்றும் விளங்காது. "சிஸ்டர், 12ஆம் கட்டில், டெங்கு, நாலாம் நாள். காலையில் 110/70, இப்ப 100/80. நாடி 88ல இருந்து 112. கை குளிருது. கடைசி இரண்டு மணித்தியாலத்தில சலம் 30 மில்லிதான். உடனே வந்து பாருங்கோ." இதை வீட்டில் சத்தம் போட்டுச் சொல்லிப் பழகுங்கள். ஒருவர் சிஸ்டர், ஒருவர் மாணவி என்று மாறி மாறிச் செய்தால் வைவாவில் நா ஒட்டாது. பரீட்சை நாளுக்கு நகத்தை ஒட்ட வெட்டி, செக்கன் முள் உள்ள கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு போங்கள். அறைக்குள் போனை எடுக்க விடமாட்டார்கள்.