விதைநெல்லோடு ஊரும் வர வேண்டும்

பர்மாவின் நாட்டு நெல் ரகங்களைச் சேகரிக்கும் பணியில் இருந்தபோது, பெகு வட்டாரத்துத் தமிழ் விவசாயக் குடும்பங்களிடம் விதை கேட்டுச் செல்லும் பொறுப்பு பெரும்பாலும் எனக்கே வந்து சேர்ந்தது. விதை தர எவரும் தயங்கியதில்லை. அது முதலில் எந்த ஊரிலிருந்து வந்தது, பள்ளத்து வயலுக்கு உரியதா மேட்டு வயலுக்கு உரியதா என்று கேட்டறியத்தான் திண்ணையில் நெடுநேரம் உட்கார வேண்டியிருந்தது. அந்த நேரமே என் பணியின் மையம் என்று இன்றும் கருதுகிறேன்.

நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறும் பயிர் என்பதால், ஒரு வயலில் தேர்ந்தெடுத்த குணம் அதிகம் கலக்காமல் தலைமுறைகளாக நிலைக்கிறது. ஆகவே ரகத்துக்கும் ரகத்துக்கும், ஊருக்கும் ஊருக்கும் இடையிலான வேறுபாடே இங்கு பெரிது. 1987இல் கிளாஸ்மான் என்ற ஆய்வாளர், 1,688 ஆசிய ரகங்களின் நொதிகளை ஒப்பிட்டு அவற்றை ஆறு தொகுதிகளாகப் பிரித்தார். அவற்றுள் பெரியவை இண்டிகாவும் ஜப்பானிகாவும். ஐராவதிக் கழிமுகத்தின் தாழ்ந்த வயல்களில் இண்டிகா மேலோங்க, ஷான் மலைகளின் புன்செய் நெல்லில் ஜப்பானிகா வகை மிகுதி. பாஸ்மதி இடம்பெறும் ஐந்தாம் தொகுதியோ ஈரானில் தொடங்கிப் பர்மா வரை நீள்கிறது. எனக்கு இதில் வியப்பூட்டுவது, நாட்டின் எல்லையைவிட நிலத்தின் உயரமும் நீரும் நெல்லை அதிகம் பிரிக்கின்றன என்பதுதான்.

வெள்ளம் தேங்கும் பள்ளத்து நிலம் வைத்திருந்த மூதாட்டி ஒருவர், "தண்ணி ஏற ஏற இதுவும் ஏறும் தம்பி, மேட்டுல போட்டா கட்டையா நின்னுடும்" என்றார். நீரில் மூழ்கிய செடிக்குள் எத்திலீன் என்ற வாயு சேர, அது தூண்டும் மரபணுக்கள் தண்டின் கணுவிடைகளை நீளச் செய்கின்றன. ஆழநீர் நெல்லில் அந்த மரபணுக்களை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009இல் கண்டறிந்து வெளியிட்டனர். ஆயா சொன்னதைக் குறிக்காமல் விதையை மட்டும் உறையில் இட்டிருந்தால், மேட்டு நிலச் சோதனை வயலில் அது சாதாரண நெல்லாகவே தோன்றியிருக்கும்.

பர்மாவின் வேளாண் ஆய்வு மையம் உள்ள யெசினில் 1990 முதல் விதை வங்கி இயங்குகிறது. குளிரறையில் விதையைக் காப்பது எப்படி என்பது நன்கு தெரிந்த தொழில்நுட்பம். எனக்குக் கவலை தருவது குறிப்பேடுதான். பழைய சேகரிப்புகள் சிலவற்றில் ஊர் இருக்க வேண்டிய இடத்தில் 'பர்மா' என்ற ஒரு சொல் மட்டுமே உள்ளது. அத்தகைய விதையின் மரபணு வரிசை முழுவதையும் படித்தாலும், எந்த வெள்ளத்துக்கும் எந்தப் பட்டத்துக்கும் அது பழகியது என்பதை உறுதியாகச் சொல்ல முடியாது.

விதை மனிதரோடு பயணிக்கிறது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். கழிமுகத்திலிருந்து மருமகளோடு வந்த விதை, மரபணு ஒப்பீட்டில் பெகுவின் அக்கம்பக்கத்து ரகங்களோடு சேராமல் விலகி நின்றால், கலப்படம் என்று அதை ஒதுக்கிவிடுவது எளிது. அதனால்தான் விதை பெற்ற ஊருக்கு ஒரு கட்டமும், வீட்டார் சொல்லும் பூர்வீக ஊருக்கு வேறொரு கட்டமும் படிவத்தில் இருக்க வேண்டும் என்று புதிதாகச் சேரும் ஒவ்வொரு சேகரிப்பாளரிடமும் வற்புறுத்துகிறேன்.