மணலி யார்டுக்கு வரைந்த படம்

சென்னைத் துறைமுகத்தில் இறங்கும் இறக்குமதிக் கன்டெய்னர் பெட்டிகள் எல்லாமே நேராக வாங்கியவரின் கிடங்குக்குப் போய்விடுவதில்லை. பல பெட்டிகள் ட்ரெய்லரில் ஏறி, எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலை நெரிசலில் ஊர்ந்து, திருவொற்றியூர், மணலி, மாதவரம் பக்கத்து சி.எஃப்.எஸ். யார்டுகளுக்கு, அதாவது சுங்க வேலை முடியும் வரை பெட்டிகளை வைத்திருக்கும் கிடங்கு வளாகங்களுக்கு, வருகின்றன. சுங்கச் சோதனை, வரி, சரக்கை ஒப்படைக்கலாம் என்று கப்பல் லைன் (கப்பல் நிறுவனம்) தரும் டெலிவரி ஆர்டர், யார்டு வாடகை எல்லாம் முடிந்த பிறகுதான் கேட் அவுட், அதாவது பெட்டி வாசலைத் தாண்டுவது. மணலியில் அப்படியொரு யார்டின் பழைய மென்பொருளை மாற்றி எழுதும் குழுவில் வடிவமைப்பாளராக இருந்தேன். சிக்கலான திட்டத்தில் ஆபத்தைக் குறைக்கும் வேலை, நிரலின் முதல் வரிக்கு முன்பே, மென்பொருளின் பகுதிகளுக்கு நடுவே எல்லைகளை வரையும்போதே தொடங்கிவிடுகிறது என்ற எண்ணம் எனக்கு அங்கேதான் உறுதிப்பட்டது.

பழைய மென்பொருளில் கேட் கிளார்க்கும் பில்லிங் ஆபீசும் சுங்கச் செய்திகளும் ஒரே டேபிளில்தான் (தரவு அட்டவணையில்தான்) கை வைத்தன. ஒரு இடத்தில் திருத்தினால் வேறு எங்கே உடையும் என்று யாராலும் சொல்ல முடியாது. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது, சேவை வரிக் கணக்கு கேட் பாஸ் அச்சடிக்கும் இடம் வரை பரவியிருந்தது தெரிந்தது. புதியதிலும் "எல்லாம் ஒரே சாஃப்ட்வேர்ல வரணும்" என்றே நிர்வாகம் கேட்டது. பயன்படுத்துபவருக்கு ஒரே திரையாகத் தெரியலாம், உள்ளே ஒன்றாக இருக்கக் கூடாது என்று வாதாடினோம்.

தொழிலின் மொழியையும் விதிகளையும் வைத்தே மென்பொருளை வடிவமைக்கும் டொமைன் டிரிவன் டிசைன் முறையை எரிக் எவன்ஸ் 2003-ல் புத்தகமாக எழுதியபோது, ஸ்ட்ராட்டஜிக் டிசைன் என்று ஒரு பெரிய பகுதியையே அதற்குள் வைத்தார். பலர் கிளாஸ், ரெபாசிட்டரி என்று நிரல் எழுதும் விதத்தைச் சொல்லும் முன்பகுதியோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு உதவியது பின்பகுதிதான். இந்தத் தொழிலின் மையம் எது, எதை விலைக்கு வாங்கிவிடலாம், எந்த அமைப்பு எதை நம்பி நிற்கிறது என்று அது கேட்க வைக்கிறது.

மையம் எது என்பதில்தான் நீண்ட விவாதம். யார்டு வரைபடத்தில் பெட்டிகள் நகர்வதைத் திரையில் காட்டுவதுதான் பெருமை என்று சிலர் நினைத்தார்கள். எங்கள் திறமையான ஆட்களும் அந்த வேலைக்குத்தான் ஆசைப்பட்டார்கள். ஆனால் யார்டின் வருமானமும் வழக்கும் கிரவுண்ட் ரென்டில், அதாவது பெட்டி நிற்கும் இடத்துக்கான வாடகையில், இருக்கிறது. இலவச நாட்கள் முடிந்ததும் வாடகை படிப்படியாக ஏறும். ஒப்பந்தம் உள்ள இறக்குமதியாளருக்கு ஒரு விகிதம், மற்றவருக்கு இன்னொன்று. நடுவில் சுங்கம் பெட்டியை நிறுத்தி வைத்தால்? பறிமுதல் செய்த, தடுத்து வைத்த சரக்குக்கு வாடகை வாங்கக் கூடாது என்று, சுங்கப் பகுதிகளில் சரக்கு கையாள்வதற்கான 2009-ஆம் ஆண்டு விதிமுறைகள் சொல்கின்றன. எந்த நாள் முதல் எந்த நாள் வரை தடுப்பு என்பதில்தான் சண்டை வரும். 30 நாட்களுக்குள் விடுவிக்கப்படாத சரக்கை ஏலம் விட சுங்கச் சட்டத்தின் 48-ஆம் பிரிவு வழி விடுகிறது. நடைமுறையில் வருடக்கணக்கில் நிற்கும் பெட்டிகளும் உண்டு. 2015-ல் பறிமுதலான சுமார் 740 டன் அம்மோனியம் நைட்ரேட் மணலிப் பக்கத்தில் நின்றதையும், 2020 ஆகஸ்டில் அதே ரசாயனத்தால் நடந்த பெய்ரூட் வெடிப்புக்குப் பிறகுதான் எஞ்சியிருந்தது ஐதராபாத்துக்கு அனுப்பப்பட்டதையும் வடசென்னைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எல்லாப் பெட்டியும் சில நாளில் வெளியே போய்விடும் என்று நம்பி எழுதிய மென்பொருள் இப்படிப்பட்ட இடத்தில்தான் தடுமாறும்.

சுங்கம் நிறுத்தி வைப்பதை, அதாவது ஹோல்டை, எங்கே வைப்பது என்பதற்குத் தெளிவு கொடுத்தவர் யார்டு சூப்பர்வைசர். "ஹோல்டு விழுந்துடுச்சின்னா பெட்டி நம்மளுது இல்ல தம்பி. நிக்கிற எடம் மட்டும்தான் நம்மளுது" என்றார். அதன்படியே பிரித்தோம். பெட்டி எங்கே நிற்கிறது என்பது யார்டு பகுதிக்கு. அது போகலாமா, எத்தனை நாளுக்குக் காசு என்பது விடுவிப்பும் வாடகையும் சேர்ந்த பகுதிக்கு. இந்த இரண்டாவதுதான் மையம் என்று முடிவாகி, நல்ல ஆட்கள் அங்கே போனார்கள். இரண்டுக்கும் பொதுவாக வைத்தது கன்டெய்னர் எண் மட்டும்: நான்கு எழுத்து, ஏழு இலக்கம், கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு. அதை மாற்ற இரு குழுவும் சேர்ந்துதான் கையெழுத்திட வேண்டும்.

பிறகு யார் யாரை நம்பி நிற்கிறார்கள் என்று ஒரு பெரிய தாளில் வரைந்தோம். இதில் அதிகாரத்தை மறைக்காமல் எழுதுவது முக்கியம். சுங்கத்தின் மின்னணு வாசலான ஐஸ்கேட்டின் செய்தி வடிவத்தை நாம் பேரம் பேசி மாற்ற முடியாது. அது மேலே இருக்கிறது, நாம் கீழே இருக்கிறோம். 2018-ல் வந்த கடல் சரக்கு மேனிஃபெஸ்ட் (சரக்குப் பட்டியல்) விதிமுறைகள், ஐ.ஜி.எம். என்ற பழைய இறக்குமதிப் பட்டியல் முறையை மாற்றின, நடைமுறைக்கு வருவது பல முறை தள்ளிப்போய், பழையதும் புதியதும் வெகுகாலம் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. அதனால் சுங்க வடிவத்தை வாசலிலேயே நிறுத்தி, எங்கள் வடிவத்துக்கு மாற்றி உள்ளே விடும் தடுப்பு அடுக்கு ஒன்றை எழுதினோம். ஐஸ்கேட்டில் எது மாறினாலும் அந்த அடுக்குக்குள் மட்டும் வேலை. கணக்குக்கு டேலி மென்பொருள் ஏற்கெனவே இருந்தது. அதை நாங்கள் எழுதத் தேவையில்லை.

எதைச் சேர்க்காமல் விட்டோம் என்பதும் இந்தப் படத்தில் இருக்கிறது. பெட்டியைத் திருப்பித் தரத் தாமதமானால் கப்பல் லைன் வசூலிக்கும் டிடென்ஷன் கட்டணத்தையும் எங்கள் திரையிலேயே காட்டச் சொல்லி, இறக்குமதியாளருக்காகச் சுங்க வேலை பார்க்கும் முகவர்களான சி.எச்.ஏ.க்கள் கேட்டார்கள். நியாயமான ஆசைதான். ஆனால் அது லைனின் கடிகாரம். ஒவ்வொரு லைனுக்கும் ஒவ்வொரு கணக்கு. தவறான தொகையைக் காட்டினால் பழி யார்டுக்கு வரும். மறுத்துவிட்டோம். ட்ரெய்லர்காரர்களோடு வாட்ஸ்அப்பில் நடந்த ஏற்பாட்டையும் அப்படியே விட்டோம்.

ஒரு நிறுவனம் உருவாக்கும் அமைப்பு அதன் ஆட்களின் தொடர்பு வடிவத்தையே எடுத்துக்கொள்ளும் என்று மெல்வின் கான்வே 1968-ல் எழுதினார். அதை எங்களுக்குச் சாதகமாக்கிக்கொண்டோம். யார்டு குழு மணலியில் கேட் பக்கத்து அறையில் உட்கார்ந்தது, வாடகைக் குழு பாரிமுனையில் பில்லிங் ஆபீசோடு. கேட் இன், கேட் அவுட், இடமாற்றம் என்ற நிகழ்வுச் செய்திகள் மட்டுமே இருவருக்கும் நடுவில் போகும். அறிக்கைகளுக்காக யார்டு டேபிளை நேரடியாகப் படிக்க அனுமதி கேட்டபோது கடுமையாக எதிர்த்தேன். ஒரு ஓட்டை போதும், பழைய ஒரே டேபிள் திரும்ப வந்துவிடும்.

முதலில் கட்டியதும் மையத்தைத்தான். பழைய மென்பொருள் ஓடிக்கொண்டிருக்க, வாடகைக் கணக்கு மட்டும் பக்கத்தில் ஓடியது. இரண்டு பில்லும் ஒத்துப்போகாத இடங்களை பில்லிங் அம்மா எடுத்துக் காட்டுவார். புதியதில் குறை இருந்த இடங்களும் உண்டு. எழுதி வைக்காத சலுகையைப் பழையது கொடுத்துவந்த இடங்களும் உண்டு. திட்டத்தின் மிகப் பெரிய ஆபத்து, பணம் எதுவும் கைமாறாமலேயே அங்கே வெளியே வந்தது.

இதற்கு விலை உண்டு. ஒரே பெட்டியின் தகவல் இரண்டு இடத்தில் இருக்கிறது, இரவில் ஒத்துப்பார்க்க வேண்டும். சின்ன மென்பொருளுக்கு இதெல்லாம் தேவையே இல்லை. எல்லை தெரியும் முன்பே மென்பொருளை மைக்ரோசர்வீஸாக, தனித்தனியே ஓடும் சின்னத் துண்டுகளாக, உடைப்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. தவறான கோட்டில் உடைத்ததை ஒட்டுவது இன்னும் கடினம்.

இப்போது ஏற்றுமதிப் பக்கத்துக்கும் இதே படத்தை நீட்டலாம் என்கிறார்கள். கூடாது என்பது என் கருத்து. அங்கே வாடகையை விட, கப்பலுக்குப் பெட்டி வந்து சேர வேண்டிய கடைசி நேரமான கட்-ஆஃப்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 2016 ஜூலையிலிருந்து, எடை உறுதிச் சான்று இல்லாத பெட்டி கப்பலில் ஏறவும் முடியாது. மையம் வேறு என்றால் கோடுகளும் வேறு இடத்தில் விழும். அதற்குத் தனித் தாள் எடுத்து, முதலிலிருந்து வரைய வேண்டும்.