நாலாம் நம்பர் மாக்னெட்டோ

ஏதாவது உதவி வேண்டுமா என்று கட்டுப்பாட்டு அறையிலிருந்து கேட்கிறார்கள். வேண்டாம் என்கிறார் பைலட். ஏன் திரும்புகிறீர்கள் என்றால், நாலாம் நம்பர் இன்ஜினில் மாக்னெட்டோ, அதாவது பிளக்குக்குத் தீப்பொறி மின்சாரம் தரும் கருவி, தகராறு என்கிறார். 2019 அக்டோபர் 2, அமெரிக்காவின் பிராட்லி விமான நிலையம். தரையிலிருந்து 500 அடி. அந்த ‘வேண்டாம்’ மனத்தை அரிக்கிறது. பி-17 என்ற அந்த இரண்டாம் உலகப் போர்க்காலக் குண்டுவீச்சு விமானத்துக்கு நாலு இன்ஜின், ஒன்று போனாலும் சுற்றிவந்து இறங்கிவிடலாம். அந்த இருக்கையில் யார் இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

ஒன்றுக்கு ஒன்று துணை என்பதுதான் அந்த இன்ஜினின் ஏற்பாடே. சிலிண்டருக்கு இரண்டு பிளக், இன்ஜினுக்கு இரண்டு மாக்னெட்டோ. மாக்னெட்டோவை அணைக்கும் மின்கம்பியான பி-லீட் உலோகத்தைத் தொட்டு எர்த் ஆனால் மாக்னெட்டோ நின்றுவிடும். சுவிட்ச் செய்வதும் அதைத்தான். இடது மாக்னெட்டோவில் அந்த லீடை ஒற்றை சேஃப்டி வயரால் கட்டியிருந்தார்கள். வயர் நழுவி மாக்னெட்டோவின் உறையைத் தொட்டது, மாக்னெட்டோ செத்தது. வலதிலோ, தீப்பொறிக்காகத் திறந்து மூடும் பாயின்ட்டுகளை நகர்த்தும் காம் ஃபாலோயர் தேய்ந்து, பாயின்ட் இடைவெளி வேண்டியதில் பாதிகூட இல்லை. 9 சிலிண்டரில் நாலுக்குத் தீப்பொறி மங்கல், அல்லது இல்லவே இல்லை.

புறப்படும் முன் ஒவ்வொரு மாக்னெட்டோவாக அணைத்து, ஆர்பிஎம் (இன்ஜின் சுழலும் வேகம்) எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பார்கள். விமானம் மேலே போனபின் வயர் அதிர்வில் நழுவியிருந்தால் தரையில் பிடிபட்டிருக்காது, யாரையும் குறை சொல்ல முடியாது. இப்படி ஒரு சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் காம் ஃபாலோயர் ஒரே நாளில் தேய்வதில்லையே.

பைலட்தான் பராமரிப்பு இயக்குநரும். பி-17இல் 7,300 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். ஊர் ஊராகப் போகும் சிறு குழுவில் ஒருவரே இரண்டையும் பார்ப்பது சகஜம். இந்த இன்ஜின் தெரிந்த ஆள் வேறு எங்கே கிடைப்பார்? ஆனால் தன் பொறுப்பில் நடந்த வேலையை இன்னொரு கண் பார்க்காமல் அவரே ஓட்டிக்கொண்டு போகிறார்.

சக்கரத்தை முன்கூட்டியே இறக்காமல் 120 மைல் வேகத்தைக் காத்திருந்தால் ரன்வேக்கு வந்திருக்கலாம் என்கிறது விசாரணை. ரன்வேக்கு 1,000 அடி முன்னாலேயே, வழிகாட்டும் விளக்குகளில் விமானம் இடித்தது. 7 பேர் இறந்தார்கள். அவசரப்பட்டு இறக்கியது தப்புதான், மறுக்கவில்லை. ஆனால் மூன்றாம் நம்பர் இன்ஜின் நன்றாக இழுக்கிறது என்று நம்பியவருக்கு, இறக்க ஏன் தயக்கம் வரும்? அந்த மூன்றாம் நம்பரும் நாலாம் நம்பர் இருக்கும் அதே வலது இறக்கையில்தான். மூன்றாம் நம்பரின் பிளக்குகள் எல்லாமே அழுக்கு, இடைவெளி ஒன்றுகூட அளவில் இல்லை.

மொத்தம் 18 பிளக். கழற்றிச் சுத்தம் செய்து, கேஜ் வைத்துப் பார்த்து மாட்ட இரண்டு பேருக்கு அரைநாள்.