உறுதி யார் பேரில்?

பழுதுபட்ட வீடுகளை மலிவாக வாங்கித் திருத்தி விற்பதுதான் என் தொழில். மட்டக்களப்புப் பக்கம் கல்லடி, ஆரையம்பதி, செங்கலடி என்று எங்கே கூரை சரிந்த வீடு விலைக்கு வந்தாலும் தரகர்மார் எனக்கு அழைப்பெடுப்பார்கள். "அண்ணன், வளவு விலைக்கு வீடும் சேர்ந்து வருது" என்பார்கள். உறுதி, அதாவது காணிப் பத்திரம், யார் பேரில் என்றுதான் முதலில் கேட்பேன்.

வீட்டின் பழுதைக் கண்ணால் பார்க்கலாம். கூரையைத் தாங்கும் வளையையும் கைமரத்தையும் கத்தி முனையால் குத்திப் பார்ப்பேன். முதிரை மரமாக இருந்து முனை இறங்காவிட்டால் கூரை ஓடுகளை மட்டும் மாற்றினால் சரி. கடற்கரைப் பக்கமென்றால் தூணின் அடிப்பூச்சைத் தட்டிப் பார்க்க வேண்டும். உப்பேறிய கம்பி துருப்பிடித்து ஊதி, கொங்கிறீற்றை உள்ளிருந்தே பிளந்திருக்கும். இதற்கெல்லாம் செலவுக் கணக்குப் போட்டுவிடலாம். உறுதியில் உள்ள சிக்கல் அப்படியில்லை.

எங்கள் பக்கம் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கலியாணத்தோடு மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, தாய் தகப்பன் சீவிய உரித்தை, அதாவது சாகும்வரை அனுபவிக்கும் உரிமையை, மட்டும் வைத்துக்கொள்வார்கள். யுத்தத்தில் அந்த மகள் வெளிநாடு போயிருப்பா. விற்க வந்து நிற்பவர் அவவின் தம்பி. "பத்து வருசத்துக்கு மேல நான்தானே இருக்கன், ஆட்சியுரிமை எனக்குத்தான்" என்பார். நீண்டகாலம் இருந்ததால் சொந்தமாகும் அந்த உரிமை, அக்காவின் சம்மதத்தில் குடியிருந்தவருக்குத் தானாக வந்துவிடாது. போரால் உரிமை கோர முடியாமல் போனவர்களுக்காக 2016இல் 5ஆம் இலக்கச் சட்டமும் வந்தது. 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தை அவர்களுக்கு எதிராகக் கணக்கெடுக்கக் கூடாது என்றது அது.

ஆரையம்பதியில் ஒரு வீடு. மூன்று சகோதரிகளின் பேரில் உறுதி, விலை பேசியது அண்ணன்காரர். சுவிஸிலிருந்த கடைசித் தங்கச்சியை நானே அழைத்தேன். வீடு விலைக்கு வந்ததே அவவுக்குத் தெரியாது. அவ கூடுதலாகக் கேட்டா, கொடுத்தேன். அவவுக்குப் பதிலாக இங்கே ஒருவர் கையெழுத்திட அதிகாரம் தரும் அற்றோணித் தத்துவம் தூதரகம் வழியாக வரும்வரை காத்திருந்து, மூவரின் பங்கையும் தனித்தனியே வங்கியில் போட்ட பிறகுதான் உறுதி எழுத நொத்தாரிசிடம் போனோம். என் இலாபம் குறைந்தது உண்மை. வேறு விதமாக அந்த வீட்டை வாங்க எனக்கு மனம் வராது.

அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணி வேறு கதை. அரச காணிக்கு எத்தனை வருசம் இருந்தாலும் ஆட்சியுரிமை கிடையாது. பிரதேச செயலாளரின் எழுத்துமூல அனுமதி இல்லையென்றால் முற்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.