மூன்றரை வட்டி: ஒரு தடைக்கால நாட்குறிப்பு

2025 ஏப்ரல் 16, புதன்

நேற்றிலிருந்து மீன்பிடித் தடைக்காலம். ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மண்டபம் ஊரில் நான் கணக்கு எழுதும் ஐஸ் கம்பெனியிலும் இன்று பாதி ஆட்கள்தான். மதியத்துக்குமேல் வேலை இல்லை.

தங்கச்சிமடம் வந்து சேர்ந்ததும் சித்தி மகன் வீட்டுக்கு வந்தான். விசைப்படகில் டிரைவர். கையில் கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட். "அக்கா, மாசம் தவறாமக் கட்டுறேன், கடன் அப்படியே நிக்குது. என்னன்னு பாருங்க" என்றான்.

பார்த்தேன். மொத்தப் பாக்கி 84,000. மினிமம் டியூ, அதாவது குறைந்தது கட்ட வேண்டிய தொகை, 4,200. கடைசித் தேதி மே 2. மாத வட்டி 3.5 சதவீதம், அதாவது 2,940 ரூபாய். வட்டிக்கும் 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு, அது 529. ஆக 4,200 கட்டினால் 3,469 வட்டியிலும் வரியிலும் போய்விடுகிறது. அசலில் குறைவது 731 ரூபாய்.

போன தீபாவளிக்குப் பிறகு அந்தக் கார்டில் அவன் புதிதாக எதுவும் வாங்கவில்லை. அதிலிருந்து ஏறக்குறைய 26,000 கட்டியிருக்கிறான். பாக்கி குறைந்தது 4,500கூட இல்லை.

மினிமம் மட்டும் கட்டினால் கடன் பல மாதம், வருஷம் என்று இழுக்கும் என்ற எச்சரிக்கையை ஸ்டேட்மென்டில் போட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. இதிலும் போட்டிருக்கிறார்கள், பொடி எழுத்தில், ஆங்கிலத்தில். கார்டு விற்க வந்தவர் தமிழில்தானே பேசினார்? எச்சரிக்கையையும் தமிழில் கொடுப்பதுதான் முறை.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஈஸ்டர். பூசை முடிந்து எல்லோரும் சித்தி வீட்டில் சாப்பிட்டோம். பேச்சு கடனுக்குத் திரும்பியது.

வருஷத்துக்கு 42 சதவீதம் என்றால் இங்கே யாருக்கும் உறைப்பதில்லை. "நூத்துக்கு மாசம் மூன்றரை வட்டி" என்று சொன்னதும் சித்தப்பா சாப்பிடுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். "மூணு வட்டிக்கு வாங்கினதுக்கே எங்கப்பா ஒரு வலைய வித்தாரு. பேங்குக்காரன் மூன்றரையா வாங்குறான்?"

வாங்கலாம், தடையில்லை. கார்டு வட்டி 30 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் சொல்லியிருந்தது. உச்ச நீதிமன்றம் போன டிசம்பர் 20ஆம் தேதி அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. வங்கிகள் 42, 45 என்று வாங்குகின்றன. தமிழ்நாட்டில் கந்துவட்டிக்கு 2003லிருந்து தனிச் சட்டம் இருக்கிறது, ஆனால் கார்டுக்கு அந்தக் கதை பொருந்தாது.

அப்புறம் தம்பி ஒன்று கேட்டான். நியாயமான கேள்வி. "மீன் வியாபாரிகிட்ட அட்வான்ஸ் வாங்கியிருந்தா இந்த ரெண்டு மாசம் சும்மா இருந்திருப்பாருல்ல?"

இருந்திருப்பார். கடலுக்குப் போகாதபோது பணம் எங்கிருந்து வரும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் அந்தக் கடன் நிற்கும்வரை மீனை அவருக்குத்தான் போட வேண்டும், அவர் சொல்வதுதான் விலை. இறாலுக்கும் கணவாய்க்கும் கிலோவுக்கு இத்தனை என்று குறைத்துப் போடுவார். எந்தச் சீட்டிலும் வட்டி என்று எழுதியிருக்காது, எவ்வளவு கொடுத்தோம் என்று கடைசிவரை தெரியவும் தெரியாது. கார்டில் ஒவ்வொரு பைசாவும் அச்சடித்து வருகிறது. ஆனால் கார்டுக்குத் தடைக்காலம் கிடையாது. மே 2 என்றால் மே 2தான்.

இந்தக் கரையில் கார்டு வாங்குகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். நல்ல மீன்பாடு வரும் மாதத்தை வைத்து லிமிட்டைப் பார்க்காதீர்கள், மே மாதத்தை வைத்துப் பாருங்கள். மே மாதம் எவ்வளவை முழுசாகக் கட்ட முடியுமோ அதுதான் உங்கள் லிமிட். வங்கி ஒரு லட்சம் கொடுத்திருக்கலாம். ராமேஸ்வரம் விசைப்படகு வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகிறது, எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை பிடித்தால் படகே போய்விடும். இதெல்லாம் அந்த ஒரு லட்சத்தை நிர்ணயித்த கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

ஏப்ரல் 25, வெள்ளி

நகைக்கடன் வைத்துக் கார்டை முழுசாக அடைக்கலாம் என்பது என் யோசனை. நகைக்கடன் வட்டி வருஷத்துக்கே ஏறக்குறைய 9, 10 சதவீதம்தான். 84,000க்கு வருஷம் 8,400 ரூபாய் வரும். கார்டில் அதே 84,000 வருஷம் முழுக்க நின்றால் வட்டி மட்டும் 35,280, வரி தனி.

கணக்குச் சொல்வது சுலபம். நகை அவன் மனைவியுடையது, அவளுடைய அம்மா போட்டது. அவளைக் கேட்காமல் அவனிடம் மட்டும் பேசுவது சரியில்லை என்று அவளையும் கூப்பிட்டு உட்கார வைத்தேன். ரொம்ப நேரம் அவள் எதுவும் பேசவில்லை.

பிறகு சொன்னாள். "அண்ணி, செயின வைக்கிறேன். ஆனா இனிமே அந்தக் கார்டு என் பெட்டியில இருக்கும். அவருக்கு வர்ற கார்டு மெசேஜ் என் போனுக்கும் வரணும்."

தம்பிக்கு முகம் சுருங்கியது. இருந்தாலும் ஒத்துக்கொண்டான். அவள் கேட்டது சரி. அவள் பொருள் ஈடாகப் போகும்போது கணக்கு அவளுக்கும் தெரிந்தாக வேண்டும்.

ஏப்ரல் 30, புதன்

பவுன் 70,000ஐத் தாண்டி நிற்கும் நேரம். இரண்டு பவுனுக்கே பணம் கிடைத்துவிட்டது. கார்டு பாக்கி 84,000 முழுசாகக் கட்டியாயிற்று.

தடைக்கால நிவாரணம் 8,000 எந்தக் கணக்கில் வரும் என்று கேட்டேன். கார்டு கொடுத்த அதே வங்கிக் கணக்கில்தான், கார்டு பாக்கியைத் தானாகவே எடுத்துக்கொள்ளும் ஆட்டோ டெபிட்டும் போட்டிருக்கிறது. பணம் வந்ததும் அரிசிக்கு முந்தி கார்டுக்குப் போயிருக்கும். முழுசாகக் கட்டிவிட்டதால் இப்போது ஆபத்தில்லை. மற்றவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மே 6, செவ்வாய்

அவனிடம் இன்னொரு கார்டும் இருப்பது இன்றைக்குத்தான் தெரிந்தது. ராமநாதபுரத்தில் செல்போன் கடை வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த பையன் பிடித்துக் கொடுத்தது. வேறு வங்கி. "லைஃப்டைம் ஃப்ரீ" என்றானாம். வந்த ஓடிபியையும் இவன் சொல்லியிருக்கிறான். ஒரு தடவைகூடத் தேய்க்காத கார்டுக்கு வருஷக் கட்டணம் 500, ஜிஎஸ்டி 90, ஆக 590 ரூபாய் பில்.

கேட்காமல் அனுப்பிய கார்டு என்றால் விதி நம் பக்கம். வெளிப்படையான சம்மதம் இல்லாமல் அதைச் செயல்படுத்திப் பில் போட்டால், போட்டதைத் திருப்பித் தருவதோடு அதைப்போல இரு மடங்கு அபராதமும் வங்கி தர வேண்டும். இங்கே இவன் கையெழுத்துப் போட்டிருக்கிறான், அந்த வழி இல்லை. ஆனால் "வாழ்நாள் முழுக்க இலவசம் அண்ணே" என்று அந்தப் பையன் அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜ் போனில் அப்படியே இருக்கிறது. நல்லவேளை, அழிக்கவில்லை.

கஸ்டமர் கேருக்குப் போட்டோம். தமிழுக்கு எண்ணை அழுத்தி, பாட்டுக் கேட்டு, ஒரு பெண் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். கார்டை மூட வேண்டும் என்றதும் லிமிட்டைக் கூட்டுகிறோம், பாயின்ட் தருகிறோம் என்று ஆரம்பித்தார். எழுதிக் கொடுத்ததைத்தான் அவர் படிக்கிறார், அவரிடம் கத்தி ஆவதொன்றும் இல்லை. "புகார் எண் கொடுங்க, மெயில்ல விவரம் அனுப்புறோம்" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டேன். கொடுத்தார்.

கார்டை மூடக் கேட்டால் ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும். பாக்கி எதுவும் இல்லாமல் அதற்குமேல் இழுத்தால், மூடும்வரை நாளுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும். 2022 ஜூலையில் வந்த விதி இது. தபாலில்தான் எழுதி அனுப்ப வேண்டும் என்று கட்டாயப்படுத்தவும் கூடாது. வாட்ஸ்அப் மெசேஜின் படத்தையும் மூடும் கோரிக்கையையும் ஒரே மெயிலில் அவன் பெயரில் அனுப்பினேன்.

மே 13, செவ்வாய்

மெயிலுக்குப் பலன். இரண்டாவது கார்டில் 590 ரத்து, பாக்கி பூஜ்யம். ஆனால் கார்டு இன்னும் மூடவில்லை.

முதல் கார்டில் புது ஸ்டேட்மென்ட். இரண்டாயிரத்துச் சொச்சம் பாக்கி என்று காட்டுகிறது. தம்பிக்குக் கோபம் தலைக்கேறியது, ஏமாற்றுகிறார்கள் என்றான். ஏமாற்று இல்லை. முந்தைய பாக்கி நிலுவையில் இருந்ததால் வட்டி நாள்கணக்கில் ஓடிக்கொண்டே இருந்தது. ஏப்ரல் 12இல் ஸ்டேட்மென்ட் போட்ட பிறகு 30ஆம் தேதி பணம் கட்டியவரைக்கும் உள்ள வட்டி இது. முழுசாக அடைக்கப் போகிறவர்கள் கட்டும் அன்றைய தேதிக்கு மொத்தம் எவ்வளவு என்று கேட்டுக் கட்டுவது நல்லது. உடனே கட்டச் சொன்னேன், கட்டிவிட்டான்.

மே 21, புதன்

பாம்பன் சின்னப்பாலத்திலிருந்து ஓர் அக்கா வந்திருந்தார். கடல்பாசி எடுக்கப் போகிறவர். கை விரலெல்லாம் பாறை கிழித்த தழும்பு. மகன் திருப்பூரில் வேலை. அவன் வாங்கிய கார்டில் பாக்கி, அவன் போனை எடுப்பதில்லை. அதனால் அம்மாவுக்குப் போடுகிறார்கள். ராத்திரி எட்டு மணிக்கு, ஒன்பது மணிக்கு. "ஊர்ல சொல்லிருவோம், போலீஸ் வரும்" என்கிறார்களாம். இவர் மூன்று நாளாகப் பாசிக்குப் போகவில்லை.

"மகன் வாங்குன கடனுக்கு என்னையப் பிடிப்பாங்களாம்மா?"

இதைக் கேட்டபோது எனக்கு வயிறு எரிந்தது. ஒரு தாயை இப்படி உட்கார வைத்துவிட்டு அதற்கு வசூல் என்று பெயர்.

அவர் ஜாமீன் கையெழுத்துப் போடவில்லை, அவர் பெயரில் கூடுதல் கார்டும் இல்லை. அந்தக் கடனுக்கு அவர் பொறுப்பில்லை. கார்டு பாக்கி சிவில் விவகாரம், போனில் பேசுகிறவர் நினைத்தபடி போலீஸை அனுப்ப முடியாது. காலை 8 மணிக்கு முன்னாலும் மாலை 7 மணிக்குப் பின்னாலும் வசூலுக்கு போன் செய்யக் கூடாது, கடன் வாங்கியவரின் குடும்பத்தையோ நண்பர்களையோ அவமானப்படுத்தக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டிலேயே சொல்லியிருக்கிறது. வசூலை வெளி ஏஜென்சிக்குக் கொடுத்தாலும் அவர்கள் நடத்தைக்கு வங்கிதான் பதில் சொல்ல வேண்டும்.

அழைப்பு வந்த எண், தேதி, நேரம் எல்லாவற்றையும் அவர் போனிலிருந்தே எடுத்து வங்கியின் குறைதீர் பிரிவுக்குப் புகார் எழுதினோம். 30 நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் சரியில்லை என்றாலும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை. 14448க்கு போன் செய்து விவரம் கேட்கலாம்.

பிறகு என் போனிலிருந்து மகனுக்குப் போட்டேன். எடுத்தான். அவனிடம் நான் மென்மையாகப் பேசவில்லை. "கடன் உன்னுது. நீ போனை எடுக்காததுனாலதான் உங்கம்மாவுக்கு வருது. இன்னைக்கே வங்கிக்கு நீயே பேசு" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் "சரிக்கா" என்றான்.

மே 29, வியாழன்

திருப்பூர்ப் பையன் பேசியிருக்கிறான். பாக்கி 62,000, "40,000 கட்டினால் செட்டில்மென்ட்" என்கிறார்களாம். அவனுக்கு ஒரே சந்தோஷம்.

22,000 மிச்சம் என்பது உண்மைதான். ஆனால் கடனை எப்படிக் கட்டினோம் என்று காட்டும் சிபில் அறிக்கையில் முழுசாகக் கட்டியதாக வராது, "செட்டில்டு" என்றுதான் வரும். பின்னால் வண்டிக்கோ வீட்டுக்கோ கடன் கேட்கும்போது அது குறுக்கே நிற்கும். கட்டவே வழியில்லாதவருக்கு அது சரியான வழி, குறை சொல்ல மாட்டேன். இவனுக்கு மாதச் சம்பளம் வருகிறது. பாக்கியைத் தவணையாக மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கேட்கச் சொன்னேன். எந்த ஏற்பாடானாலும் வங்கியின் கடிதம் கைக்கு வராமல், ஏஜென்ட் சொன்ன கணக்குக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதே என்றும் சொன்னேன்.

அம்மாவுக்கு ராத்திரி அழைப்பு நின்றுவிட்டது. பாசிக்குப் போகிறார்.

ஜூன் 9, திங்கள்

துறைமுகத்தில் படகுகளுக்குப் பெயின்ட் வாசனை. ஐஸ் கம்பெனியில் ஆட்களைத் திரும்பக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

தம்பியின் இரண்டாவது கார்டை மூடியதாகப் போன வாரம் மெசேஜ் வந்தது. ஏழு வேலை நாள் எப்போதோ முடிந்துவிட்டது. தாமதமான நாளுக்கெல்லாம் 500 கணக்குப் போட்டுக் கேட்டதற்கு "வருந்துகிறோம்" என்று மட்டும் பதில். விடுக்கா, கார்டு மூடிட்டாங்கல்ல என்பான் என்று நினைத்தேன். அவனோ, "நான் லேட்டாக் கட்டினா அபராதம் போடுறாங்கல்ல? எழுதுங்கக்கா" என்றான். வங்கியில் புகார்களைப் பார்க்கும் நோடல் அதிகாரிக்கு எழுதியாயிற்று. அதிலும் ஆகவில்லை என்றால் குறைதீர்ப்பாளர்.

அவனும் மச்சானும் சேர்ந்து வைத்திருக்கும் நாட்டுப்படகான வல்லத்துக்கு வலையும் எஞ்சின் வேலையும் பாக்கி. போன தடவை அந்தச் செலவுதான் கார்டில் ஏறியது. மீனவர்களுக்கும் கிசான் கிரெடிட் கார்டு 2018-19லிருந்து உண்டு. இரண்டு லட்சம் வரை 7 சதவீத வட்டி, தவணை தவறாமல் கட்டினால் அதிலும் 3 சதவீதம் குறைந்து 4தான். அது வருஷ வட்டி. டீசல், ஐஸ், வலைக்கெல்லாம் அதுதான் பொருத்தமான கார்டு. ஆனால் அதற்கு மேசை போட்டு யாரும் கூப்பிடுவதில்லை, நாமாகப் போய் வரிசையில் நிற்க வேண்டும். ஆதார், பாஸ்புக், மீனவர் சங்க உறுப்பினர் அட்டை, வல்லத்தின் பதிவுப் புத்தகம் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வைத்திருக்கிறான். வியாழக்கிழமை அவனும் அவன் மனைவியும் வங்கிக்குப் போகிறார்கள். நானும் அரைநாள் லீவு சொல்லியிருக்கிறேன்.