அவள் ஏன் சொல்லவில்லை

நவம்பர் 8, 2025, சனி

ரொம்ப நாளாகப் பார்க்க நினைத்திருந்த ‘ரேண்டம் ஹார்வெஸ்ட்’ படத்தை இன்று ராத்திரி போட்டேன். 1942-இல் எம்.ஜி.எம். என்ற ஹாலிவுட் நிறுவனம் எடுத்தது, மெர்வின் லெராய் இயக்கம். ரொனால்ட் கோல்மனும் கிரீர் கார்சனும் நடித்த கறுப்பு வெள்ளைப் படம். அத்தையும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். அவருக்கு ஆங்கிலம் வராது. நிறுத்தி நிறுத்திக் கதை சொன்னதில் அரை மணி நேரப் படம்தான் ஓடியது.

முதல் உலகப் போரில் அடிபட்டுத் தன் பெயரே மறந்துபோன ஒரு சிப்பாய், மெல்பிரிட்ஜ் என்ற ஆங்கிலேய ஊரின் மனநல மருத்துவமனையில் இருக்கிறான். போரில் மகனைத் தொலைத்த ஒரு வயதான தம்பதி, நம் பிள்ளையாக இருக்குமோ என்று அவனைப் பார்க்க வருகிறார்கள். அவனும், இவர்கள் நம் அப்பா அம்மாவாக இருந்துவிட மாட்டார்களா என்று நெஞ்சு படபடக்க நிற்கிறான். கதவு திறக்கிறது. பார்த்த மாத்திரத்தில் இரண்டு பக்கத்துக்கும் தெரிந்துவிடுகிறது. நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அத்தை புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்.

நவம்பர் 9, ஞாயிறு

போர் முடிந்த செய்தி வந்த இரவில், காவல்காரர்கள் கொண்டாட ஓடிவிட, அவன் பனிமூட்டத்துக்குள் நடந்து வெளியே வருகிறான். ஒரு புகையிலைக் கடையில் பவுலாவைச் சந்திக்கிறான். மேடையில் பாடி ஆடிப் பிழைப்பவள். ‘ஸ்மித்தி’ என்று அவள்தான் பெயர் வைக்கிறாள், அவள்தான் அவனை இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில் ஒரு கிராமத்துக்குக் கூட்டிப் போகிறாள். கல்யாணம், ஒரு சின்ன வீடு, ஒரு ஆண் குழந்தை.

அந்த வீட்டை நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளச் சொல்கிறது படம். கிரீச்சிடும் வாசல் கேட். பூத்துத் தொங்கும் ஒரு கிளை, குனிந்துதான் உள்ளே போக வேண்டும். கதவுக்கு ஒரு சாவி. அவள் கண்ணின் நிறத்தில் இருக்கிறது என்று அவன் வாங்கித் தரும் மலிவான மணிமாலை.

கோல்மன் என்றாலே அந்தக் காலத்தில் குரல்தான். அந்தக் குரல்காரர் இங்கே முதல் பாதியில் வார்த்தை வராமல் திக்குகிறார். 1914-இல் பெல்ஜியத்தின் மெசீன் போர்க்களத்தில் அவரே காலில் அடிபட்டு, அடுத்த வருடம் படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர். படம் எடுக்கும்போது வயது 50-ஐத் தாண்டிவிட்டது. இளம் சிப்பாய்க்கு அது அதிகம்தான். ஆனால் அந்தக் கண்ணில் இருக்கும் களைப்பை ஒரு 25 வயசுப் பையனிடம் எங்கே தேடுவது?

பிறகு பத்திரிகை வேலை விஷயமாக லிவர்பூலுக்குப் போகிறான். தெருவில் ஒரு வண்டி மோதுகிறது. எழுந்திருக்கும்போது பழைய பெயர் ஞாபகம் வந்துவிடுகிறது: சார்லஸ் ரெய்னியர், பெரிய பணக்கார வீட்டுப் பிள்ளை. இடையில் இருந்த வருடங்கள் மட்டும் துடைத்தாற்போல் போய்விட்டன. பையில் ஒரு சாவி. எந்தக் கதவுக்கு என்று தெரியாது. அதை ஒரு சங்கிலியில் கோத்து வைத்துக்கொள்கிறான்.

நவம்பர் 11, செவ்வாய்

போர்நிறுத்த நாள். படத்தில் அவன் மருத்துவமனைக் கேட்டைத் தாண்டி நடந்த இரவுக்கு இன்று 107 வருடம்.

இந்தப் படத்துக்கு மூலமான, ஜேம்ஸ் ஹில்டன் 1941-இல் எழுதிய நாவலைப் பற்றி இன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். நாவலில் ரெய்னியரின் உதவியாளன் ஹாரிசன்தான் கதை சொல்கிறான். தொலைந்துபோன பவுலாவும் ரெய்னியரின் இப்போதைய மனைவியும் ஒருத்திதான் என்பது கடைசியில்தான் தெரியும். எழுத்தில் அதை மறைக்கலாம், முகம் தெரியாதே! திரையில் கார்சனின் முகத்தை எப்படி மறைப்பது? அதனால் படம் ரகசியத்தை நம்மிடம் முன்கூட்டியே கொடுத்துவிடுகிறது. அலுவலக அறைக் கதவு திறந்து, செயலாளர் மார்கரெட்டாக அவள் குறிப்பு நோட்டோடு உள்ளே வந்த அந்த நொடியில் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். நாவலை முதலில் படித்தவர்களுக்கு இந்த நொடி கிடைத்திருக்காது. படம் நாவலைவிடப் பெரிது என்று நான் சொல்வது இதனால்தான்.

நவம்பர் 14, வெள்ளி

அத்தைக்குக் கோபம். “புருஷன் எதிர்ல உக்காந்திருக்கான். வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே? நான்தான்டா உன் பொண்டாட்டின்னு!”

இன்று பார்த்த பகுதி அப்படி. குழந்தை இறந்துவிட்டது. அவனைத் தேடித் தேடி அலைந்தவள், பத்திரிகையில் அவன் படத்தைப் பார்த்துத்தான் இந்த வேலைக்கு வந்திருக்கிறாள். அவனோ கிட்டி என்ற இளம்பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறான். ஏழு வருடம் ஆகிவிட்டதால் ஸ்மித்தி இறந்துவிட்டதாகச் சட்டப்படி அறிவிக்கச் செய்து, ஸ்மித்தியோடு நடந்த தன் கல்யாணத்தைத் தன் கையாலேயே முறித்துவிடுகிறாள் மார்கரெட். இதை அத்தைக்குச் சொல்லும்போது என் குரல் சரியாக இல்லை.

கிட்டியைப் பற்றியும் எழுத வேண்டும். திருமணத்துக்குப் பாட்டுத் தேர்ந்தெடுக்கத் தேவாலயத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆர்கன் வாசிக்கிறது. அவன் அவளைத் திரும்பிப் பார்க்கிறான், அந்தப் பார்வை வேறு யாரையோ தேடுவது அவளுக்குப் புரிந்துவிடுகிறது. அவளே விலகிக்கொள்கிறாள். கிட்டியாக நடித்த சூசன் பீட்டர்ஸுக்கு அப்போது 20, 21 வயதுதான். இந்த வேடத்துக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. 1945 புத்தாண்டு அன்று வேட்டைக்குப் போன இடத்தில் துப்பாக்கி தவறுதலாக வெடித்து முதுகெலும்பில் காயம், அதன்பின் சக்கர நாற்காலி. 31 வயதில் போய்விட்டார். அந்தத் தேவாலயக் காட்சியை இன்னொரு முறை பார்த்தேன்.

நவம்பர் 15, சனி

இப்போது அவன் நாடாளுமன்ற உறுப்பினர். மார்கரெட்டிடம் கல்யாணப் பேச்சு எடுக்கிறான். காதல் கேட்கவில்லை, ஊர் உலகத்துக்காக ஒரு துணை, அவ்வளவுதான். அவள் சம்மதிக்கிறாள். ஒரே ஆளுக்கு இரண்டாவது முறை மனைவி.

கல்யாண நாளுக்கு அவன் விலை உயர்ந்த நகை ஒன்று தருகிறான். அவள் தன் அறைக்குப் போய் ஒரு சின்னப் பெட்டியைத் திறந்து அந்த மணிமாலையைக் கையில் எடுக்கிறாள். அவன் உள்ளே வருகிறான், பார்க்கிறான். அவளும் அவன் முகத்தையே பார்க்கிறாள், ஏதாவது அசையுமா என்று. ஒன்றும் அசையவில்லை. கார்சன் இங்கே எதையும் கூட்டிச் செய்யவில்லை. விரல்கள் மட்டும் மணிகளைத் தொட்டுக்கொண்டே இருக்கின்றன.

படத்தை அங்கே நிறுத்திவிட்டுப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தோம். அத்தை தானாகவே ஆரம்பித்தார். “சொன்னா நம்பிருவாம்மா அவன். நல்லவன்தான். உடனே பக்கத்துல உக்காத்தி வச்சுப்பான். ஆனா இவ மூஞ்சியப் பாக்கறப்ப எல்லாம், ஐயோ இவள மறந்துட்டமேன்னுதான் பாப்பான். அதோட எப்படிக் குடித்தனம் பண்றது?”

நேற்றுக் கோபப்பட்டவர் இவர்தான். மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை, தோலை முறத்தில் தட்டிவிட்டு எழுந்துபோனார்.

நவம்பர் 18, செவ்வாய்

“இது நம்ம சிவாஜி படமாச்சே” என்று அத்தை காலையில் சொன்னார். சரிதான். 1956-இல் வந்த ‘அமர தீபம்’, ஸ்ரீதர் எழுத்து, பிரகாஷ் ராவ் இயக்கம், இதே கதையின் சாயல்தான். ஆனால் அங்கே சாவித்திரி ஒருத்தி, பத்மினி ஒருத்தி. ஒரே பெண்ணை அடையாளம் தெரியாமல் இரண்டு முறை மணக்கும் அந்த வலி, இரண்டு பெண்களுக்கு நடுவில் ஓர் ஆண் என்று ஆகிவிட்டது. அடுத்த வருடம் வங்காளத்தில் வந்த ‘ஹாரானோ சுர்’ ஒருத்தியையே வைத்துக்கொண்டது. சுசித்ரா சென், உத்தம் குமார். எனக்கு அதுதான் மூலத்துக்குக் கிட்டே நிற்கிறது. பத்மினியைக் குறை சொன்னால் அத்தை பேசமாட்டார், அதனால் இதை இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 22, சனி

கடைசி இருபது நிமிடம். மெல்பிரிட்ஜில் வேலைநிறுத்தம். பேசி முடிக்க ரெய்னியர் போகிறான். அந்த ஊருக்கு வந்ததே இல்லை என்று நினைத்துக்கொண்டிருப்பவன், சிகரெட் வேண்டும் என்றதும் நேராக அந்தப் புகையிலைக் கடைக்கு நடக்கிறான். “உங்களுக்கு எப்படி வழி தெரியும்?” என்று ஹாரிசன் கேட்கிறான். கால் அறிந்து வைத்திருக்கிறது. அங்கிருந்து மருத்துவமனைக் கேட், பிறகு டெவன், பிறகு அந்த வீடு.

கேட் கிரீச்சிட்டது. அவன் கிளைக்குக் கீழே குனிந்தான். சாவி பொருந்தியது. பின்னால் அவள் வந்து “ஸ்மித்தி” என்கிறாள். அவன் திரும்பி “பவுலா” என்கிறான். படம் முடிந்துவிட்டது. ஏழு ஆஸ்கர் பரிந்துரை வாங்கி ஒன்றுகூட ஜெயிக்காத படம். அதே வருடம் கார்சன் வேறொரு படத்துக்காகச் சிறந்த நடிகை விருது வாங்கினார். எனக்கு இந்தப் பவுலாதான்.

நான் அழுதுகொண்டிருந்தேன். அத்தை கண்ணைத் துடைத்துவிட்டு, திரை இருண்ட பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இப்ப எல்லாம் ஞாபகம் வந்துருச்சுல்ல அவனுக்கு?”

“வந்துருச்சு அத்தை.”

“அப்போ முதல்ல, பிள்ள எங்கன்னுதானே கேப்பான்.”

விளக்கைப் போடாமல் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தோம்.